நானாவுக்குத் தாகம்

என் போர்ட்ஃபோலியோவைப் பார்க்கிறவர்கள் முதலில் "பிரமாதம்" என்பார்கள். நேர்முகம் முடிகிற நேரத்தில், "இதெல்லாம் நிஜமாவே நீங்க செஞ்சதுதானா?" என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் நடப்பது ஒன்றே ஒன்றுதான். வெள்ளைப் பலகையைக் காட்டி, மார்க்கரைக் கையில் கொடுத்து, "எங்க ஆப்புக்கு ஒரு திரை வரைஞ்சு காட்டுங்க" என்பார்கள். நான் வலது கையால் வரைவேன். கோழி கிளறின மாதிரி இருக்கும்.

நான் நொட்டாங்கைக்காரி. சோத்தாங்கையால் எனக்குச் சாப்பிட வரும், காசு கொடுக்க வரும், பெரியவர்களுக்குக் கை ஆட்ட வரும். கோடு போட மட்டும் வராது. எங்கள் கானாவில் இடது கையால் ஒரு பொருளை நீட்டிப் பாருங்கள். நீட்டியவளை விட்டுவிட்டு அவளைப் பெற்றவர்களை விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். ஒன்றாம் வகுப்பில் மேடம் க்ரேஸ் என் இடது கை முட்டிகளில் மர ஸ்கேலால் அடித்து அடித்தே என்னை வலது கைக்கு மாற்றினார். எழுத்து எப்படியோ வந்தது. வரைவதை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு இடது கையால் வரைந்தேன். திருட்டுத்தனமாகச் செய்ததாலோ என்னவோ, அது நன்றாக வந்தது.

இப்போது நான் செய்கிற வேலைக்கு நீளமாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். விஷயம் சின்னதுதான். செல்போனில் ஒரு ஆப்பைத் திறந்தால் ஜனங்கள் எங்கே விரலை வைக்கிறார்கள், எங்கே முழிக்கிறார்கள், எங்கே எரிச்சலாகி மூடிவிடுகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, அதற்குத் தகுந்தபடி திரையை அமைக்க வேண்டும். கம்ப்யூட்டரில் செய்யும்போது எந்தக் கை என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. வேலை கேட்டுப் போகும்போதுதான் வம்பு. செய்த வேலைகளைப் புரொஜெக்டரில் சுவரில் ஓட்டிக் கதை சொல்ல வேண்டும். அதில் என்னை யாரும் அசைக்க முடியாது. கதை முடிந்ததும் பலகை வரும். அங்கே கவிழ்ந்துவிடுவேன்.

அக்ராவில் ஒரு கம்பெனியில் வலது கையால் வரைந்தேன். கண்ணாடி போட்ட ஒரு பையன் என் கோட்டைப் பார்த்தான், சுவரில் இருந்த என் திரையைப் பார்த்தான், மறுபடி கோட்டைப் பார்த்தான். மறுநாள் மெயில் வந்தது. அடுத்தவர் வேலையைத் தன் வேலையாகக் காட்டுகிறவர்களை அவர்கள் எடுப்பதில்லையாம். அதைப் படித்து அழுதேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். நான் அழவில்லை, கத்தினேன். பக்கத்து வீட்டு நாய் குரைக்கிற அளவுக்குக் கத்தினேன்.

குமாசியில் அடுத்த கம்பெனி. இங்கே துணிந்துவிட்டேன். "செபெ, இடது கைக்கு மன்னிக்கணும்" என்று முறையாகச் சொல்லிவிட்டு இடது கையால் வரைந்தேன். அழகான திரை. ஆனால் மேஜையின் நடுவில் இருந்த வயதான டைரக்டர் கடைசி வரை பலகையைப் பார்க்கவே இல்லை, என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டில் ஈ விழுந்தால் பார்ப்போமே, அந்தப் பார்வை. அங்கிருந்து மெயில்கூட வரவில்லை.

என்னோடு ஒரே வீட்டில் இருக்கும் டெலாலி நர்ஸ். எதற்கும் அவளிடம் ஒரு வைத்தியம் இருக்கும்.

"வலது கையில கட்டு போட்டுக்கிட்டுப் போயேன். அடிபட்டவ இடது கையால வரைஞ்சா யாரு என்ன சொல்லப் போறா? நானே போட்டு விடுறேன்."

"பொய்க் கட்டா?"

"மாவுக்கட்டே போடுறேன். நல்ல கனமா, நிஜமா இருக்கும்."

"போர்ட்ஃபோலியோவே பொய்னு ஊரு பேசுது. கையும் பொய்யாகணுமாடி?"

"அப்ப வேலையில்லாம உண்மையா இரு. இந்தா, வாச்செ ஆறுது, சாப்பிடு."

அந்தச் சமயத்தில்தான் அம்பொன்சா பஸ் கம்பெனியிலிருந்து மேடம் அஃப்ரியே கூப்பிட்டார். ஆள் சேர்ப்பது அவர் பொறுப்பு. என் போர்ட்ஃபோலியோ பிடித்திருக்கிறது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"செனாம், உன்னப் பத்தி ஒரு பேச்சு காதுல விழுந்துச்சு. அக்ராவுலேருந்து."

"அது பொய், மேடம்."

"பொய்யா இருந்தா நல்லது. இந்த நாட்டுல டிசைனர் கூட்டம் ரொம்பச் சின்னது, பொண்ணே. இங்கயும் அதே பேச்சு வந்துச்சுன்னா அதுக்கப்புறம் உன்ன யாரும் கூப்பிட மாட்டாங்க. கடைசி நேர்முகம் முதலாளியோட. அவரு இப்ப பட்டத்துக்கு வந்துட்டாரு, தெரியுமில்ல? ஆபீஸ் பக்கம் வர்றதில்ல. அரண்மனைக்கு வரணும்."

அம்பொன்சா முதலாளி குமாசிக்கு வெளியே தன் சொந்த ஊருக்குத் தலைவராகிவிட்ட செய்தி எல்லோருக்கும் தெரியும். இனி அவர் வெறும் முதலாளி இல்லை, நானா அம்பொன்சா. ஒரு டைரக்டர் முன்னால் இடது கையை நீட்டினால் வேலை போகும். ஒரு நானா முன்னால் நீட்டினால் ஆடு கொடுத்து மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும். "செபெ" என்ற வார்த்தைக்கு அவ்வளவு தூரம் பலம் கிடையாது. என் எதிரே இருந்த இரண்டு கதவுகளும் சாத்தித்தான் இருந்தன. வலது கையால் வரைந்தால் திருடி, இடது கையால் வரைந்தால் மரியாதை கெட்டவள்.

அரண்மனை முற்றத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். நானா குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். பருத்த உடம்பு, அமைதியான முகம். இடது தோளை மூடி இழுத்துப் போர்த்திய துணி. வலது கை மட்டும் வெளியே. அவர் பக்கத்தில் ஒச்சியாமே போவாடு தங்க முலாம் பூசிய கோலோடு நின்றார். நானாவிடம் யாரும் நேராகப் பேசக் கூடாது. ஒச்சியாமேயிடம் சொன்னால் அவர் அதை அழகாக்கி நானாவிடம் சொல்வார். நானா காதில் நாம் சொன்னதும் விழும்தான். இருந்தாலும் ஒச்சியாமே சொல்வதுதான் கணக்கு. நானாவுக்குப் பின்னால் மடித்த துணியோடு இரண்டு பணியாட்கள். நானா தண்ணீர் குடிப்பதை ஊரார் பார்க்கக் கூடாது என்பதால், அவர் குடிக்கும்போது அதைத் திரையாகப் பிடிப்பார்கள். ஓரத்தில் மேடம் அஃப்ரியே ஃபைலை மார்போடு அணைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

சுவரில் படம் விழுந்தது. வலது கையால் பட்டனை அழுத்தினேன். இடது கையை உடுப்பின் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

"நானா, நான் செனாம். இது தையற்காரங்களுக்காக நான் செஞ்ச ஆப்பு. துணி குடுத்தவங்க, தையல் எதுவரைக்கும் வந்திருக்குன்னு போன்லயே பாத்துக்கலாம்."

ஒச்சியாமே தொண்டையைச் செருமிக்கொண்டார். "நானா, வோல்ட்டா ஆத்தைத் தாண்டி வந்த இந்தப் பொண்ணு ஊசியையும் நூலையும் நம்ம உள்ளங்கைக்குள்ள கொண்டு வந்திருக்கா."

நான் தாண்டி வந்தது தனியார் பஸ்ஸில். போகட்டும்.

"முதல்ல நான் செஞ்சது தப்பாப் போச்சு" என்றேன்.

"முதல்ல அவ நிலத்தைச் சோதிச்சுப் பாத்தாளாம்" என்றார் ஒச்சியாமே.

"இல்ல, தப்பாப் போச்சு. தையற்காரங்க எல்லாரும் 'அநேகமா முடிஞ்சுது'ங்கற பட்டனையே அமுக்கினாங்க. போய்ப் பாத்தா துணியை வெட்டக்கூட இல்ல."

ஒச்சியாமே இதற்குக் கொஞ்சம் யோசித்தார். "நானா, குமாசித் தையற்காரங்களோட வாய் அவங்க கத்தரிக்கோலை விட வேகமா ஓடுதுங்கறத இவ நேர்ல போய்ப் பாத்திருக்கா."

நானா எதையோ முணுமுணுத்தார். ஒச்சியாமே என் பக்கம் திரும்பினார். "நானாவுக்கு அது தெரியுமாம். அவரு பட்டத்துக்கு வந்த அன்னிக்கு வீட்டம்மாவுக்குப் புது கபா உடுப்பு வந்து சேரல. 'அநேகமா முடிஞ்சுது'ன்னுதான் அவங்களுக்கும் சொன்னானாம். பழசைத்தான் கட்டிக்கிட்டாங்க. அந்தப் பேச்சு இன்னும் வீட்டுல ஓடுது."

எனக்குத் தெம்பு வந்தது. "அதனால பட்டனை எல்லாம் தூக்கிட்டேன். சாயங்காலம் ஆனா துணியை ஒரு போட்டோ எடுத்து அனுப்பணும், அவ்வளவுதான். வெட்டாத துணியை எத்தனை நாளைக்குத்தான் போட்டோ எடுப்பாங்க? வெக்கம் தாங்காம வெட்டிட்டாங்க."

நானா ஒச்சியாமேக்காகக் காத்திருக்காமல் சத்தமாகச் சிரித்துவிட்டார். ஒச்சியாமே அதைக் கவனிக்காதவர் போல முழுவதையும் ஒரு முறை அழகாக எடுத்துச் சொன்னார். முறைப்படி நானா இன்னொரு முறை சிரித்தார்.

அப்போது கரண்ட் போயிற்று.

சுவர் வெறும் சுவரானது. ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை என்று ஒரு பணியாள் வந்து சொன்னான். மேடம் அஃப்ரியே என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அடுத்து என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நானா தலையைச் சாய்த்து ஒச்சியாமே காதில் ஏதோ சொன்னார்.

"சுவத்துல ஓடுனது ரொம்ப அழகுன்னு நானா சொல்றார்" என்றார் ஒச்சியாமே. "ஒரு சின்னச் சந்தேகம் மட்டும். அதைச் செஞ்ச கை இங்க வந்திருக்கா, இல்ல வேற யார் வீட்டுலயாவது இருக்கா?"

அக்ராப் பேச்சு அரண்மனைக்கும் வந்திருக்கிறது. இந்தக் கேள்வியை இவ்வளவு மரியாதையாக யாரும் என்னிடம் கேட்டதில்லை, அதனால் இன்னும் அதிகமாக வலித்தது. பக்கத்தில் இருந்த பஸ் டிப்போவிலிருந்து ஒரு வெள்ளைப் பலகையைத் தூக்கி வந்து முற்றத்தில் நிறுத்தினார்கள். டிரைவர்களின் ட்யூட்டி பட்டியல் அதில் அரைகுறையாகத் தெரிந்தது. துடைத்தார்கள். அம்பொன்சா பஸ்ஸுக்கு டிக்கெட் எடுக்கிற திரையை இங்கேயே, இப்போதே வரைய வேண்டும்.

மார்க்கரை வலது கையில் வாங்கினேன். அந்த நிமிஷத்தில் ஒரு யோசனை வந்தது. எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள், பயம் கொடுத்ததுதான்.

"ஒச்சியாமே, நானா பேசணும்னா நீங்க பேசுறீங்க. வாய் உங்களோடது, வார்த்தை அவரோடது. அதே மாதிரி நான் சொல்லச் சொல்ல நீங்க வரையுங்களேன். கை உங்களோடது, படம் என்னோடது."

மேடம் அஃப்ரியே ஃபைலுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார். ஒச்சியாமேக்கோ முகமெல்லாம் வெளிச்சம். கோலைப் பணியாளிடம் கொடுத்துவிட்டுத் துணியை இடுப்பில் செருகிக்கொண்டு மார்க்கரை வாங்கினார்.

"மேல ஒரு கட்டம் போடுங்க" என்றேன்.

"வெறும் கட்டமா?"

"வெறும் கட்டம்தான்."

"நானா முன்னாடி வெறும் கட்டமா!" என்று சொல்லிவிட்டு அவர் கட்டத்தைச் சுற்றிப் பூ வரைந்தார்.

"இப்ப கீழ ஒரு கோடு."

கோடு சாலையானது. சாலை மேல் ஒரு பஸ் ஏறியது. பஸ்ஸுக்கு ஜன்னல், ஜன்னலுக்குத் திரைச்சீலை, தொப்பி போட்ட ஒரு டிரைவர். "பட்டன், ஒச்சியாமே, பட்டன்!" என்று நான் கெஞ்சியபோது அவர் டிரைவர் சட்டைக்கு வரிசையாகப் பட்டன் வைத்தார். கடைசியில் ஓரத்தில் ஒரு பனைமரமும் நட்டார்.

நானா நீண்ட நேரம் பார்த்தார். அவர் முணுமுணுத்ததை எடுத்துச் சொல்ல வேண்டியது ஒச்சியாமேதான் என்பதால், பாவம், அவரே சொன்னார். "நானா சொல்றார். ஒச்சியாமே, உன் படம் நல்லா இருக்கு. உனக்கு வேலை வேணுமா?"

பணியாட்கள் இருவரும் துணிக்குள் சிரித்தார்கள்.

"அப்புறம்... அவரு கேட்டது இந்தப் பொண்ணோட கையை. வாயை இல்ல."

மார்க்கர் திரும்ப என்னிடம் வந்தது. பனைமரத்தைத் துடைத்தார்கள். எனக்கு அந்த நேரத்தில் கோபம்தான் வந்தது. மேடம் க்ரேஸ் மேல் கோபம், கண்ணாடிப் பையன் மேல் கோபம், எதற்கெடுத்தாலும் பைக்குள் ஒளிந்துகொள்கிற என் கை மேலேயே கோபம். சரி, ஆடுதானே, கொடுத்துவிட்டுப் போகிறேன்.

"ஒச்சியாமே" என்றேன். "செபெ, செபெ. நான் இடது கைக்காரி. சுவத்துல பாத்தது அத்தனையும் அந்தக் கை செஞ்சது. வலது கையால வரைஞ்சா நான் திருடின்னு நினைப்பீங்க. இடது கையை நானா முன்னாடி என்னால நீட்ட முடியாது. இதுதான் விஷயம். இத அழகாக்க வேண்டாம், அப்படியே சொல்லுங்க."

குடையைப் பிடித்திருந்தவன் குடையைப் பார்த்தான். ஒச்சியாமே கோலைத் திரும்ப வாங்கி, அதன் தலையில் இருந்த தங்கப் பறவையைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார். அப்படியே சொல்வது அவர் தொழிலில் இல்லை.

"நானா" என்றார் மெதுவாக. "உங்களைக் கும்பிடுறதுக்குன்னே வலது கையை இந்தப் பொண்ணு வெச்சிருக்கா. வேலை செய்யத் தனியா இன்னொண்ணு வெச்சிருக்காளாம்."

நானா என்னைப் பார்க்கவில்லை. எங்கேயோ கூரை ஓட்டைப் பார்த்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"தாகமா இருக்கு."

உடனே சுரைக்குடுவையில் தண்ணீர் வந்தது. பணியாட்கள் துணியை விரித்து அவருக்கு முன்னால் உயர்த்திப் பிடித்தார்கள். நானா மறைந்துவிட்டார். இந்த நேரத்தில் தாகமா என்று நான் மரமாக நின்றேன். ஒச்சியாமே என் பக்கம் திரும்பினார்.

"நானா தண்ணி குடிக்கிறார்" என்றார். நான் அசையவில்லை. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறை சொன்னார். "நானா, பொண்ணே, ரொம்ப நிதானமாக் குடிப்பார்."

அப்புறம் அவர் துணியைப் பார்க்கத் திரும்பி எனக்கு முதுகைக் காட்டினார். மேடம் அஃப்ரியேக்கு அந்த நேரம் பார்த்து ஃபைலில் படிக்க நிறைய இருந்தது.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. பையிலிருந்து இடது கையை எடுத்தேன். மார்க்கர் மாறியது. கதவைச் சாத்திக்கொண்டு வரைந்த நாட்களைப் போல வரைந்தேன், ஆனால் இங்கே வானம் திறந்திருந்தது. கோடு நேராகப் போனது. வட்டம் வட்டமாக வந்தது. அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? இறுக்கமான செருப்பைக் கழற்றிவிட்டு ஈர மண்ணில் நடப்பது போல இருந்தது. என் கையின் ஓரம் வழக்கம்போல் எழுதிய எழுத்தின் மேலேயே ஊர்ந்து பாதியை அழித்தது. அழிந்ததை மறுபடி போட்டேன். பலகை நிறைந்ததும் மார்க்கரை வலது கைக்கு மாற்றிக்கொண்டு இருமினேன்.

"நானாவுக்குத் தாகம் தீந்துச்சா?" என்று ஒச்சியாமே துணியைப் பார்த்துக் கேட்டார்.

துணி இறங்கியது. குடுவையில் தண்ணீர் தளும்பத் தளும்ப அப்படியே இருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை.

நானா பலகையைப் பார்த்தார். இந்த முறை கேள்விகள் வேகமாக வந்தன. ஒச்சியாமேக்கு அழகாக்க நேரமே கிடைக்கவில்லை.

"உனக்கு முன்னாடி வேலை கேட்டு வந்தவங்க எல்லாம் மேல பஸ் கிளம்புற நேரத்தப் போட்டாங்க. உன் படத்துல நேரமே இல்லையே, ஏன்னு கேக்கறார்."

"நம்ம பஸ் நேரத்துக்கா கிளம்புது? நிறைஞ்சாத்தானே கிளம்புது? ஆறு மணின்னு போட்டா அது 'அநேகமா முடிஞ்சுது' மாதிரிதான். அதான் 'இன்னும் நாலு பேர்'னு போட்டிருக்கேன். மூணு, ரெண்டுன்னு குறையும். ஜனங்க வீட்டுலயே கென்கே சாப்பிட்டு முடிச்சிட்டுக் கிளம்பி வரலாம்."

"நானா, உங்க பஸ்ஸுக்குப் பொறுமை ஜாஸ்தின்னு பொண்ணு பாராட்டுறா" என்று ஒச்சியாமே பாய்ந்து காப்பாற்றினார்.

"இன்னொண்ணு, பஸ் நிறைஞ்ச மாதிரி காட்டறதுக்கு ஸ்டேஷன் பசங்க சும்மா நாலு பேரைப் பிடிச்சு உட்கார வெப்பாங்கல்ல? டிக்கெட் எடுத்தவங்கள மட்டும்தான் இந்தத் திரை எண்ணும். சும்மா உக்காந்திருக்கிறவங்க எண்ணிக்கையில வர மாட்டாங்க."

நானாவின் முகம் மாறியது. தன் பஸ்ஸில் அப்படி நடப்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், இன்னொருத்தி வாயால் கேட்பதுதான் புதிது. மேடம் அஃப்ரியே கண்ணை மூடிக்கொண்டார். போச்சு, வாயை அடக்கியிருக்கலாம் என்று நினைத்தேன்.

"தாகமா இருக்கு" என்றார் நானா.

ஒச்சியாமே முழித்தார். "மறுபடியுமா, நானா?"

நானா எழுந்தார். எழுந்து நடந்தார். துணியைப் பிடித்திருந்த பணியாட்கள் என்ன செய்வதென்று தெரியாமல் அதை உயர்த்தியபடியே அவரோடு நடந்தார்கள். குடை பின்னால் ஓடியது. குடுவையைத் தூக்கியவன் அதற்கும் பின்னால் ஓடினான். முழு ஊர்வலமும் பலகைக்கு முன்னால் போய் நின்றது. துணி பலகையையும் சேர்த்து மறைத்தது.

"இன்னிக்கு நானா நடந்துக்கிட்டே குடிப்பார்" என்று ஒச்சியாமே முற்றத்துக்கு அறிவித்தார். அவர் நெற்றியில் வியர்த்திருந்தது.

துணிக்குப் பின்னால் மார்க்கர் கீச்சிடுகிற சத்தம் கேட்டது. மேடம் அஃப்ரியே மறுபடி ஃபைலைத் திறந்தார். எனக்கும் பார்க்க ஏதாவது வேண்டுமே என்று என் கால் விரல்களைப் பார்த்தேன்.

ஊர்வலம் திரும்பி வந்தது. நானா உட்கார்ந்து துணியை இழுத்துப் போர்த்திக்கொண்டார். நான் பலகையைப் பார்த்தேன்.

என் திரையின் தலையில், நான் சுண்டுவிரல் நகம் அளவுக்கு விட்டிருந்த இடத்தில், 'அம்பொன்சா' என்று கம்பெனிப் பெயர் பூசணிக்காய் அளவுக்கு உட்கார்ந்திருந்தது. உலகத்தில் எந்த மூலைக்குப் போனாலும் முதலாளிகள் முதலாளிகள்தான், லோகோவைப் பெரிதாக்காமல் தூக்கம் வராது. எனக்கு வாய்வரை வந்துவிட்டது. சொல்லியிருப்பேன். அதற்குள் அந்த எழுத்துகளை இன்னொரு முறை பார்த்தேன்.

பாதி அழிந்திருந்தன. ஒவ்வொரு எழுத்தின் மேலும் ஒரு தேய்ப்பு, இடமிருந்து வலமாக. எழுதிய கையே எழுத்தின் மேல் ஊர்ந்து போயிருக்கிறது. வலது கைக்காரர்களின் கை மைக்கு முன்னால் போகும். எழுதியதை அது தொடவே தொடாது. இந்தத் தேய்ப்பு எனக்கு என் முகத்தைவிட நன்றாகத் தெரியும். என் நோட்டுகள் எல்லாவற்றிலும் இது இருந்தது. இதை வைத்துத்தான் மேடம் க்ரேஸ் என்னைக் கண்டுபிடித்தார்.

நானாவைப் பார்த்தேன். துணி இடது தோளிலிருந்து முழங்கால் வரை மூடியிருந்தது. அதன் ஓரத்தில் நீலமாக ஒரு மார்க்கர் கறை.

அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒச்சியாமே வாயைத் திறப்பதற்கு முன்னால் அவரே பேசினார், நேராக என்னிடம், தாழ்ந்த குரலில்.

"ஸ்கேலா, கயிறா?"

"ஸ்கேல், நானா."

"எனக்குக் கயிறு" என்றார். "பெஞ்சோட சேத்துக் கட்டிருவாரு, மாஸ்டர் ஒபெங்."

இவ்வளவு பெரிய உடம்பை ஒரு சின்னப் பையனாக, ஒரு கையைப் பெஞ்சில் கட்டிக்கொண்டு மற்ற கையால் எழுத்தோடு மல்லுக்கட்டுகிறவனாக நினைத்துப் பார்த்தேன். ஒச்சியாமே அந்த வார்த்தைகளை எடுத்துச் சொல்லவில்லை. கோலின் பறவையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கொஞ்சம் பொறுத்து நானா பழைய நானாவானார். ஒச்சியாமே பக்கம் சாய்ந்தார். ஒச்சியாமே கேட்டார்: "நானா சேத்தது எப்படி இருக்குன்னு கேக்கறார்."

வேலை வேண்டும் என்றால் இங்கே என்ன சொல்ல வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். டெலாலி பக்கத்தில் இருந்திருந்தால் என் வாயைப் பொத்தியிருப்பாள்.

"லோகோ ரொம்பப் பெருசு, ஒச்சியாமே" என்றேன். "கையில ஒரு குறையும் இல்ல."

ஒச்சியாமே நானாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். அழகாக்க எதுவும் கிடைக்கவில்லை போலும். "நானா" என்றார் பரிதாபமாக. "லோகோ ரொம்பப் பெருசாம். கையில ஒரு குறையும் இல்லையாம்."

நானா வயிறு குலுங்கச் சிரித்தார். இந்த முறை ஒரே தடவைதான். "திங்கக்கிழமை வந்து சின்னதாக்கச் சொல்லு" என்றார். "ரொம்பவும் சின்னதாக்கிறப் போறா, அதையும் சொல்லு."

மேடம் அஃப்ரியே ஃபைலுக்குள் எதையோ வேகமாக எழுதினார். நான் முறைப்படி குனிந்து வணங்கிவிட்டுப் பின்னால் நகர்ந்தேன். அப்போது நானா கை அசைத்து என்னை அருகே கூப்பிட்டார். ஒரு நானா தானாகக் கை நீட்டினால் அது பெரிய மரியாதை. யாரும் மறுக்க முடியாது. அவர் துணிக்குள்ளிருந்து கையை எடுக்க ஆரம்பித்தார். யாரும் சொல்லாமலே பணியாட்கள் துணியை உயர்த்தினார்கள். இந்த முறை அது எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து மறைத்தது.

வெளியே ஒச்சியாமேயின் குரல் கணீரென்று கேட்டது. "நானா தண்ணி குடிக்கிறார்."

கை குலுக்கினோம். எந்தக் கை என்று என்னிடம் கேட்காதீர்கள், நான் பார்க்கவில்லை. நானாவுக்குத் தாகமாக இருந்தது, அவ்வளவுதான்.